பணிப்பதிவேட்டில் ஒரு வரி

(மகளிர் நாளையொட்டி ஆலத்தியூரில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆலத்தியூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டச் சான்றிதழ் மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரியலூரிலோ பெரம்பலூரிலோ கல்லூரிப் படிப்பு முடித்த பெண்ணுடையது. மேலே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முத்திரை, கீழே துணைவேந்தரின் கையொப்பம். 1982இல் திருச்சியில் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் இந்த இரண்டு மாவட்டங்களும் வருகின்றன. அவள் வீட்டின் முதல் பட்டதாரி என்றால், அந்தத் தாளுக்குச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்துவிடுவார்கள்.

அந்தத் தாள் வீடு வந்து சேர்வதற்குள் பல கைகள் அதில் பட்டிருக்கும். தேர்வுக் கட்டணப் பட்டியலை வாங்கிப் பெயர் பெயராகச் சரிபார்த்தவர் ஒருவர். ஹால் டிக்கெட்டில் புகைப்படம் மாறிப்போனதைக் கண்டுபிடித்தவர் ஒருவர். விடைத்தாளில் பதிவெண் தெரியாதபடி டம்மி எண் போட்டுக் கட்டியவர், திருத்தும் முகாமில் கட்டுகளை எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டவர், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றியவர், ஏற்றியதை வரிக்கு வரி ஒப்புநோக்கியவர். ரிசல்ட் வந்த மறுநாள் பஸ் பிடித்துத் திருச்சிக்கு ஓடிவந்த பெண்ணிடம், "பயப்படாதேம்மா, இன்ஷியல்தான் தப்பாயிருக்கு, ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடு, சரி பண்ணிடலாம்" என்று சொன்ன கவுன்ட்டர்க்காரர். இந்த நாற்காலிகளில் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். பட்டமளிப்பு விழாப் படத்தில் அவர்களைத் தேடுவது, கல்யாண ஆல்பத்தில் பந்தி பரிமாறியவரைத் தேடுவது மாதிரிதான்.

பல்கலைக்கழகத்தை நடத்தும் பெண்களை எப்படி அடையாளம் காண்பது, எதற்காகப் பாராட்டுவது, பாராட்டு எந்த வடிவத்தில் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. தலைமை, சேவை, பணி வளர்ச்சி என்ற மூன்று சொற்களும் எல்லா விருது அறிவிப்பிலும் இருக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் வாழ்ந்த சிலரைப் பார்த்துவிட்டு நம் கல்லூரிகளுக்கு வருவோம்.

முதலில் உச்சாணிக் கொம்பிலிருந்து தொடங்கலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முதன்முதலாகத் துணைவேந்தரான பெண் ஹன்சா மேத்தா. 1949இல் பரோடாவில் பொறுப்பேற்றார். தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா பல்கலைக்கழகம் உருவானபோது, அதன் முதல் துணைவேந்தராக ஜெயகோதைப் பிள்ளை அமர்ந்தார். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலியில் 2010இல் கே. மீனா உட்கார்ந்தார். 1971இல் தொடங்கிய கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் முதல் பெண் துணைவேந்தராக வெ. கீதாலட்சுமியைப் பெற 2022 வரை காத்திருந்தது. டெல்லி ஜாமியா மில்லியா 2019 வரை, ஜே.என்.யூ. 2022 வரை, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2024 வரை. அலிகருக்கும் ஜாமியாவுக்கும் வயது நூறு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்த ஆண்டுகள் தாமாகவே பேசும்.

நம் பக்கத்து மக்களுக்குப் பெண் தலைமை புதிதல்ல. பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகத்தில் சாந்தா, வெங்கட பிரியா, கற்பகம், கிரேஸ் பச்சாவ் என்று பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அரியலூரில் ரத்னா, ரமண சரஸ்வதி, ஆனி மேரி ஸ்வர்ணா. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகும் பாட்டிக்கு, 'கலெக்டரம்மா' என்பது பழகிப்போன சொல்லாகிவிட்டது. ஆட்சிப் பணியில் இவ்வளவு இயல்பாக நடந்தது, கல்வி நிலையங்களில் ஏன் இழுத்துக்கொண்டே போனது?

வகுப்பறையில் பெண்கள் குறைவு என்று சொல்ல முடியாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ 16 லட்சம் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்கள். அவர்களில் 43 விழுக்காட்டினர் பெண்கள். 2014-15இல் 100 ஆண் ஆசிரியருக்கு 63 பெண்கள் இருந்தார்கள். ஏழு ஆண்டில் அது 77 ஆனது. ஆள் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சேர்ந்தவர் மேலே போகும் படிகளில்தான் நெரிசல்.

அந்தப் படிகளைப் புரிந்துகொள்ள, பேராசிரியராக இல்லாத ஒரு பெண்ணின் கதை உதவும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர் வில்லியமினா ஃபிளெமிங். 1857இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கணவரோடு கப்பலேறி பாஸ்டன் வந்தவர். வந்த இடத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தவரைக் கணவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். 1881இல் வானாய்வகம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. தொலைநோக்கியில் எடுத்த வான்படங்கள் அன்று கண்ணாடித் தகடுகளில் பதிவாகும். தகட்டைச் சாய்வான சட்டத்தில் நிறுத்தி, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, மசிப்பொட்டு அளவுள்ள ஒவ்வொரு விண்மீனின் நிறமாலையையும் பார்த்து, கோடுகளை எண்ணி, வகை பிரித்து எழுத வேண்டும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்தி 1890இல் வெளியான டிரேப்பர் நிறமாலைப் பட்டியலின் பெரும்பகுதி அவருடைய உழைப்பு.

1888இல் எடுத்த ஒரு தகட்டில், குதிரைத் தலை போன்ற கருநிழல் ஒன்றை அவர் கண்டார். இன்று உலகப் புகழ் பெற்ற குதிரைத்தலை நெபுலா அதுதான். ஆனால் அந்தக் காலத்தில் வெளிவந்த வானியல் பொருள்களின் புகழ்பெற்ற அட்டவணை, ஹார்வர்டின் கண்டுபிடிப்புகளையெல்லாம் பிக்கரிங்கின் பெயரில் போட்டது. கண்டவர் பெயர் விடுபட்டது.

ஆய்வகத்துக்குள் அவர் ஓர் அணியையே உருவாக்கினார். கணக்கிடவும் தகடு பார்க்கவும் வந்த பெண்களை வேலைக்கு எடுத்ததும், பழக்கியதும், மேற்பார்வையிட்டதும் அவர்தான். 1899இல் வானியல் ஒளிப்படங்களின் காப்பாளர் என்ற பதவியை ஹார்வர்டு அவருக்கு அளித்தது. அங்கே அத்தகைய பதவிப் பெயர் பெற்ற முதல் பெண் அவர். பெருமைப்பட வேண்டிய அந்தத் தருணத்துக்கு மறு ஆண்டு, 1900இல், பல்கலைக்கழகம் கேட்டுக்கொண்டதால் எழுதிய நாட்குறிப்பில் அவர் தன் சம்பளக் கணக்கைப் போட்டு வைத்தார். ஆண் உதவியாளர்களுக்கு ஆண்டுக்கு 2,500 டாலர், தனக்கு 1,500. மகனைப் படிக்க வைக்கும் தாயின் கவலையும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. 1906இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது.

பெயர் போடுவது, பதவி கொடுப்பது, ஊதியம் உயர்த்துவது ஆகிய மூன்றும் தனித்தனியே நடக்கக்கூடியவை என்பதற்கு ஃபிளெமிங்கின் வாழ்க்கை சாட்சி. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் நிறுவனம் மறந்துபோகலாம்.

நூறு ஆண்டு கழித்து, ஹார்வர்டு இருக்கும் அதே ஊரில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமான எம்.ஐ.டி.யில், நான்சி ஹாப்கின்ஸ் என்ற மூலக்கூறு உயிரியலாளர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். வரிக்குதிரை மீன்களை வைத்து ஆராய அவருக்குக் கூடுதலாக 200 சதுர அடி வேண்டியிருந்தது. கேட்டும் கிடைக்கவில்லை. அளவு நாடா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இரவுகளில் ஒவ்வொரு ஆய்வகமாக அளந்தார். அவரைவிட இளைய ஆண் ஆசிரியர்களுக்குக்கூட அவரைவிட அதிக இடம் இருந்தது. 1994இல் அறிவியல் புலத்தில் நிரந்தரப் பேராசிரியர்களாக இருந்த ஆண்கள் ஏறத்தாழ 200 பேர். பெண்கள் 15 பேர் அளவில்தான். அந்தப் பெண்கள் ஒன்றுகூடிப் புலத்தலைவருக்குக் கடிதம் கொடுத்தார்கள். குழு அமைந்தது, இடம், சம்பளம், ஆய்வு நிதி, பொறுப்புகள் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தது. 1999இல் அறிக்கை வெளியானபோது, பாகுபாடு இருந்தது உண்மை என்று எம்.ஐ.டி.யின் தலைவர் சார்லஸ் வெஸ்ட் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் அதன் பிறகுதான் தங்கள் கட்டடங்களை அளக்கத் தொடங்கின.

நம் கல்லூரிகளில் அந்த நாடாவை எங்கே வைத்து அளப்பது? ஆசிரியர் அறையில் யாருக்கு மேசை, யாருக்கு மூலையில் ஒரு நாற்காலி என்று பார்க்கலாம். பெண் பணியாளர் கழிப்பறை எந்த மாடியில் இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கலாம். ஆய்வகத் திறவுகோல் யார் கையில், விடுதிக் காப்பாளரின் இரவுப் பொறுப்பு பணிநேரமாகக் கணக்கில் ஏறுகிறதா என்று கேட்கலாம். கேடயம் வாங்குவதற்கு முந்தைய வாரம் செய்ய வேண்டிய வேலை இது.

பணி வளர்ச்சிக்குத் தமிழ்நாட்டிலேயே அழகான முன்மாதிரி உண்டு. தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென்று நடத்திய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1925இல் முதுகலை முடித்துத் திரும்பி, அதே கல்லூரியில் பாடம் நடத்தினார். மறுபடியும் போய் 1931இல் முனைவர் பட்டத்தோடு வந்தார். கோவை கரும்பு நிலையத்தில் நம் மண்ணுக்கேற்ற கரும்புக்கான மரபணு ஆய்வு, லண்டன் ஜான் இன்னெஸ் நிலையம், பிறகு நேருவின் அழைப்பில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் சீரமைப்பு என்று போனது அவர் வாழ்க்கை. பத்மஸ்ரீ வந்தது 1977இல். வயது எண்பதை நெருங்கியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் களநிலையத்தில் 1984 வரை, சாகும்வரை, வேலை பார்த்தார். அவருக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது எது என்று கேட்டால், இருபதுகளில் வந்த அந்த உதவித்தொகையைத்தான் சொல்ல வேண்டும். மற்றவையெல்லாம் அவர் சாதித்த பிறகு வந்தவை. அது சாதிப்பதற்கு முன்பே வந்தது.

இந்தக் காலத்து உதாரணம் ந. கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் 1997இல் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். லித்தியம் மின்கலங்களில் ஆராய்ச்சி. 2019இல் அதே நிறுவனத்தின் இயக்குநர். 2022இல் நாட்டின் பல ஆய்வுக்கூடங்களுக்குத் தலைமையான சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநர். இரண்டு பதவிக்குமே அவர்தான் முதல் பெண். ஒரே வளாகத்தின் படிகளில் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது கவனிக்க வேண்டியது. ஒரு நிறுவனம் தன் பெண்களை வளர்த்தால் கால் நூற்றாண்டில் என்ன நடக்கும் என்பதற்குக் காரைக்குடி போய்ப் பார்த்தால் போதும்.

சேவை என்ற சொல்லுக்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. கிராமத்துக்குக் கல்லூரி வருவது அதன் ஏழு நாள் சிறப்பு முகாம் வழியாகத்தான். முகாம் என்றால் பிள்ளைகள் ஏரிக்கரையில் கருவேலம் வெட்டுவதும், மாலையில் தெருக்கூட்டம் போடுவதும் ஊர்க்காரர் கண்ணில் படும். திட்ட அலுவலரான ஆசிரியை அதற்கு ஒரு மாதம் முன்பே வந்து, பள்ளிக்கூடத்தில் தங்க இடம் கேட்டு, பெண் பிள்ளைகளுக்குக் குளியலறை வசதி இருக்கிறதா பார்த்து, பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கி, சமையலுக்கு ஆள் பிடித்து, காய்ச்சல் வந்த பிள்ளையை இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், கடைசியில் கணக்குக்கு ரசீது ஒட்டி அனுப்பியிருப்பார். திட்ட அலுவலர்களுக்கென்று தேசிய விருதே இருக்கிறது. ஆனால் அதே முகாமுக்குப் பில் போட்டு முன்பணம் எடுத்துக் கொடுத்த அலுவலக உதவியாளர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

விருதுகளின் நெடுநாள் வழக்கம் அது. தேசிய ஆசிரியர் விருது 1958இல் வந்தது. உயர்கல்வி ஆசிரியர்களுக்கும் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் அது விரிந்தது 2023இல்தான். கல்லூரி ஆசிரியருக்கே அறுபத்தைந்து ஆண்டு ஆயிற்று என்றால், நூலகர், ஆய்வக உதவியாளர், கண்காணிப்பாளர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் முறை எப்போது வரும்? பிரிட்டனில் பெண் விஞ்ஞானிகளின் முன்னேற்றத்துக்காக 2005இல் 'அதீனா ஸ்வான்' என்ற பட்டயம் தொடங்கினார்கள். பெண்களை நடத்தும் விதத்தைத் தானே ஆராய்ந்து, குறைகளை எழுதி, திருத்தத் திட்டம் போடும் நிறுவனத்துக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரச்சான்று. பத்தாண்டு கழித்து, 2015இல், அலுவலகத்திலும் தொழில்நுட்பப் பிரிவிலும் வேலை பார்க்கிறவர்களையும் அதற்குள் சேர்த்தார்கள். அதை முன்மாதிரியாக வைத்து இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020இல் 'கதி' என்ற திட்டத்தை அறிவித்து, முதற்கட்டமாக 30 நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. இங்கே பரிசு தனிமனிதருக்கு அல்ல. நிறுவனம்தான் பரீட்சை எழுத வேண்டும்.

சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் சில கதவுகளைத் திறந்தாலே பாதி வேலை முடியும். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறை, தலைவராக மூத்த நிலையிலுள்ள பெண் ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு ஆசிரியர்களோடு இரண்டு ஆசிரியரல்லாத பணியாளர்களும் வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெண், மூத்த ஆசிரியருக்குச் சமமாக உட்கார்ந்து விசாரிக்கும் இடம் அது. அந்த இரண்டு பெயரையும் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து நிரப்பிவிடாமல், பயிற்சி கொடுத்து அமர்த்தினால் அதுவே தலைமைப் பள்ளியாகிவிடும்.

முனைவர் பட்ட விதிகளும் அப்படித்தான். பெண் ஆய்வாளருக்கு வழக்கமான காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டு சலுகையும், மகப்பேறு அல்லது பிள்ளைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். அரசு வேலையில் பெண்களுக்கு 1989இல் வந்த 30 விழுக்காட்டு இடஒதுக்கீடு 40 ஆகும் என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. விதி இருப்பது தெரியாமல், 'குழந்தை பிறந்துடுச்சு, இனி எங்கே பி.எச்டி.' என்று பாதியில் விட்டவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவர்களைக் கூப்பிட்டு விதியைக் காட்டுவதும் ஒரு பாராட்டுத்தான்.

இன்னொரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதியப் பணியாளர், தினக்கூலி என்று பல பெயர்களில் பெண்கள் ஆண்டுக்கணக்காக வேலை பார்க்கிறார்கள். பணிப்பதிவேடே இல்லாதவருக்கு எந்தப் பக்கத்தில் பாராட்டை எழுதுவது? விருதுக்கு 'நிரந்தரப் பணியாளர் மட்டும்' என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டால், அதிகம் உழைப்பவர்களில் பலர் வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டக் கல்லூரிகள் ஒரு விருதைத் தொடங்கினால் அது எப்படி இருக்கலாம் என்பதை நான்கைந்து வரியில் சொல்லி முடிக்கலாம். பரிந்துரையைத் துறைத்தலைவர் மட்டுமன்றி, உடன் வேலை செய்கிறவரும் மாணவரும் எழுதலாம் என்று வைக்க வேண்டும். 'கடின உழைப்பாளி, அன்பானவர்' என்று எழுதினால் ஏற்கக் கூடாது; என்ன செய்தார், எப்போது செய்தார், அதனால் எது மாறியது என்று கேட்க வேண்டும். நிரந்தரம், தற்காலிகம் என்ற பேதம் வேண்டாம். ஆசிரியருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, விடுதி, ஆய்வகம், துப்புரவுப் பிரிவுக்கு ஒன்று என்று தனித்தனியே இருக்கட்டும். இல்லையென்றால் எல்லாமே ஆசிரியர் பக்கம் போய்விடும்.

பரிசில் பொன்னாடையும் கேடயமும் இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு கூட, நிரந்தரப் பணியாளருக்குப் பணிப்பதிவேட்டில் முதல்வர் கையொப்பமிட்ட ஒரு பதிவு, தற்காலிகப் பணியாளருக்குக் கல்லூரி முத்திரையோடு அனுபவச் சான்று. கணினி, கணக்கு, நூலகவியல், நிர்வாகம் என்று அவரே தேர்ந்தெடுக்கும் ஒரு பயிற்சிக்குச் சம்பளத்தோடு விடுப்பும், கட்டணத்தை நிறுவனமே கட்டுவதும். அடுத்த ஆண்டு தேர்வுக் குழுவில் அவருக்கு ஓர் இடம்.

கல்லூரி நிர்வாகத்திலிருந்து வந்திருப்பவர்கள் இதை எடுத்துப் போய் அடுத்த பணியாளர் கூட்டத்தில் வையுங்கள். செலவுக் கணக்கு எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். அவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பார்.